மருந்தில் இட்ட முதலும் மனிதரில் இட்ட முதலும்: அறக்கொட்டியான் தரும் பாடம்

நெற்செய்கைக்கு வேண்டிய முதல் யாது என்று வினவினால், நிலம், நீர், விதைநெல், உழவு இயந்திரம், பசளை, கிருமிநாசினி என்று கமக்காரர் வரிசையாகக் கூறுவர். இவை யாவும் பணங்கொடுத்துப் பெறும் பொருள்கள். இவற்றுடன் சேர்த்து எண்ணப்படாத முதல் ஒன்றுண்டு. வயலிற் கண்டதைப் பகுத்தறிந்து, செய்யத்தக்கதைச் செய்து, செய்யத்தகாததை விடும் ஆற்றலே அம்முதலாகும். பொருளியலார் இதனை மனித மூலதனம் என்பர். கல்விக்கும் பயிற்சிக்கும் செலவிடும் பணம் வெறுஞ் செலவன்று, முதலீடே என்பதை அமெரிக்கப் பொருளியலறிஞர் தியடோர் ஷுல்ட்ஸ் 1961 இல் வெளிவந்த கட்டுரையொன்றில் எடுத்துரைத்தார். உழவரின் பொருளாதாரத்தைப் பல்லாண்டு ஆராய்ந்த அவருக்கு 1979 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்விருவகை முதலும் எவ்வளவு, எவ்விகிதத்தில் இடப்படுகின்றன என்பதைப் பொறுத்து விளைச்சல் மட்டுமே மாறுவதில்லை. வாய்க்கால் நீரும், அதில் வாழும் மீனும் தவளையும், தெளிப்பவரின் உடல்நலமும் அதனுடன் மாறுகின்றன. இவ்வுண்மையை வயலிலேயே காட்டுவது, கமக்காரர் அறக்கொட்டியான் என்று வழங்கும் கபிலநிறத் தத்தியின் வரலாறாகும்.

தத்தியின் இயல்பு

கபிலநிறத் தத்தி நெல்மணியளவும் இல்லாத சிறு பூச்சி. நெற்பயிரின் அடித்தண்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். வரம்பில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது தென்படாது. வயலின் நடுவே வட்ட வட்டமாகப் பயிர் மஞ்சளாகிப் பின் தீயிற் கருகியது போலக் காயும்போதே பலரும் அதனை அறிகின்றனர். அப்பொழுது காலம் கடந்துவிடும். பெண்தத்தி தன் வாழ்நாளில் 100 முதல் 300 வரையான முட்டைகளை இலைமடலின் உட்பகுதியில் செருகி இடும். முட்டையிலிருந்து வளர்ந்த தத்தியாவதற்கு ஏறக்குறைய 3 முதல் 4 வாரங்கள் செல்லும். ஆதலால் ஒரு போகத்துக்குள் பல தலைமுறைகள் தோன்றலாம். நெருக்கமாக விதைத்த வயலிலும், நைதரசன் பசளை மிகுதியாக இட்ட வயலிலும், எப்பொழுதும் நீர் தேங்கி நிற்கும் வயலிலும் இது விரைவாகப் பெருகும்.

இவ்வளவு விரைவாகப் பெருகவல்ல பூச்சி முற்காலத்தில் ஏன் பெருங்கேடாக இருக்கவில்லை? வயலிலேயே அதற்குப் பகைவர் இருந்தமையே காரணம். இவற்றுள் தலையாயது ஓநாய்ச் சிலந்தி. இது வலை பின்னுவதில்லை. தண்டுகளினிடையே ஓடித்திரிந்து இரையைப் பிடிக்கும். நாளொன்றுக்கு 5 முதல் 15 தத்திகளை இது உண்ணும். பெண்சிலந்தி முட்டைப்பையை வயிற்றின் பின்புறத்தில் ஒட்டிச் சுமந்து செல்வதையும், பொரித்த குஞ்சுகள் அதன் முதுகில் ஏறிச் செல்வதையும் காலை வேளையில் வயலிற் குனிந்து பார்ப்பவர் காணலாம். வேறொரு சிறு பச்சை மூட்டுப்பூச்சி, இலைமடலில் மறைந்திருக்கும் தத்தி முட்டைகளைத் தேடிக் குத்தி உறிஞ்சும். நீரின் மேற்பரப்பில் நடக்கும் பூச்சிகள், கீழே விழும் இளந்தத்திகளை இரையாக்கும். தும்பியும் தம் பங்கைச் செய்யும்.

கிருமிநாசினி தெளித்தபின் நிகழ்வது யாதென இனி நோக்குவோமாக. ஓடித்திரியும் சிலந்தியும், மேலே உலாவும் மூட்டுப்பூச்சியும் முதலில் மடிகின்றன. தத்திகளிலும் பெரும்பகுதி மடிகிறது, கமக்காரர் மகிழ்கின்றார். ஆயின் இலைமடலுக்குள் இருக்கும் முட்டைகளை நஞ்சு எட்டுவதில்லை. ஒரு வாரமளவில் அவை பொரித்து வெளிவரும்போது, அவற்றை உண்ணப் பகைவர் எவருமில்லை. சிலந்தியின் தொகை மீண்டும் பெருகுவதற்குத் தத்தியிலும் மிக நீண்ட காலம் வேண்டும். இதற்கிடையே தெளித்தவர் தத்தி மீண்டும் வந்ததெனக் கருதி, முன்னதிலும் கூடிய அளவில் மறுமுறை தெளிக்கின்றார். மீதைல் பரத்தியன், டயசினோன், டெல்டாமெத்திரின் போன்ற சில நஞ்சுகள் குறைந்த அளவிற் படும்போது தத்தி முன்னிலும் மிகுதியாக முட்டையிடுகின்றது என்பதும் 1980 அளவில் பிலிப்பைன் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறியப்பட்டது. அந்நாட்டு வயல்களில் பீற்றர் கென்மோரும் அவர்தம் துணைவரும் தெளித்த பாத்திகளையும் தெளியாத பாத்திகளையும் ஒப்பிட்டு, தெளித்தவற்றிலேயே தத்தி பன்மடங்கு பெருகியதை 1984 இல் வெளியிட்டனர்.

நஞ்சை மருந்து என்று வழங்கும் வழக்கமே இக்கேட்டிற் பாதிக்குக் காரணம் எனலாம். நோய்க்குக் கொடுப்பது மருந்து. இங்கோ நோயைத் தீர்ப்பவரைக் கொன்று நோயை வளர்க்கும் பொருளுக்கும் அதே பெயர் வழங்குகின்றது.

இந்தோனேசியா கற்ற பாடம்

1970களில் ஆசிய நாடுகள் பலவும் புதிய நெல்லினங்களைப் பரப்பின. அவற்றுடன் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் அரசுகள் பெருந்தொகையை மானியமாக வழங்கின. இந்தோனேசியாவில் 1980களின் நடுப்பகுதியில் கிருமிநாசினி விலையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அரசே ஏற்றது. இதற்கான செலவு ஆண்டுக்கு 10 கோடி அமெரிக்க டொலரைத் தாண்டியது. நாட்டின் செல்வம் நஞ்சு வடிவில் வயலுக்குச் சென்றது என்பதே இதன் பொருள். விலை மலிவாகக் கிடைப்பதைத் தேவை நோக்காது பயன்படுத்துதல் மனித இயல்பு. பூச்சி இருப்பினும் இல்லாவிடினும் நாட்கணக்கு வைத்துத் தெளிக்கும் வழக்கம் யாவாத் தீவெங்கும் வேரூன்றியது.

1976, 1977 ஆண்டுகளில் தத்தி அங்கு இலட்சக்கணக்கான ஹெக்டேர் வயலை அழித்தது. தத்தியைத் தாங்கும் இனமென 1973 இல் வெளியிடப்பட்ட ஐ.ஆர். 26 இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அத்தன்மையை இழந்தது. தத்தியில் புதிய வகை தோன்றியமையே அதற்குக் காரணம். அதன்பின் ஐ.ஆர். 36 வந்தது. 1984 இல் அந்நாடு அரிசியில் தன்னிறைவு எய்தியது. ஆயின் ஈராண்டுக்குள் தத்தி மீண்டும் பெருகி அத்தன்னிறைவையே அச்சுறுத்தியது. இலங்கையின் கிழக்கு மாவட்டங்களிலும் 1970களில் இப்பூச்சி பெருஞ்சேதம் விளைத்ததை மூத்த கமக்காரர் அறிவர்.

1986 நவம்பரில் இந்தோனேசிய ஜனாதிபதி கட்டளையொன்றைப் பிறப்பித்தார். நெல்லுக்குப் பயன்பட்ட 57 வகைக் கிருமிநாசினிகள் அதனாற் தடைசெய்யப்பட்டன. மானியம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989 சனவரியில் முற்றாக நிறுத்தப்பட்டது. இத்துடன் நின்றிருந்தால் இக்கதை குறிப்பிடத்தக்கதாகாது. நஞ்சுக்குச் சென்ற முதலில் ஒரு பகுதியை உழவருக்குக் கற்பிப்பதில் இடுவதென அந்நாடு தீர்மானித்ததே பெரிய காரியம். ஐக்கிய நாடுகள் உணவு விவசாயத் தாபனத்தின் துணையுடன் 1989 முதல் உழவர் வயற்பள்ளிகள் தொடங்கப்பட்டன.

வயற்பள்ளிக்குக் கட்டடமில்லை. சுமார் 25 உழவர் ஒரு போகம் முழுவதும் வாரந்தோறும் ஒருநாட் காலையில் ஒரு வயலிற் கூடுவர். முதலில் வயலில் இறங்கிக் குறிப்பிட்ட எண்ணிக்கையான தூர்களை விரித்துப் பார்ப்பர். தத்தி எத்தனை, சிலந்தி எத்தனை, நீர்மட்டம் எவ்வளவு, இலையின் நிறம் எத்தகையது என எண்ணிக் குறிப்பர். பின்னர் மரநிழலில் அமர்ந்து, பெரிய தாளொன்றில் நெற்பயிரை வரைந்து, ஒருபுறம் பீடைகளையும் மறுபுறம் அவற்றின் பகைவரையும் கண்ட எண்ணிக்கைப்படி வரைவர். அதன்பின்னரே அந்த வாரம் செய்யவேண்டியது யாது என விவாதிப்பர். ஆசிரியர் விடை கூறுவதில்லை. ‘இப்பூச்சி எதை உண்கிறது?’ என ஒருவர் கேட்டால், வலை சுற்றிய நெற்செடியொன்றில் அப்பூச்சியையும் சில தத்திகளையும் விட்டு, மறுவாரம் எண்ணிப் பார்க்கும்படி கூறுவார். இளம்பயிரின் இலைகளைக் கத்தரியால் வெட்டிவிட்டு அறுவடையில் அப்பாத்தியை நிறுத்துப் பார்த்த உழவர், முதற்பருவத்தில் இலை அழிவதனால் விளைச்சல் பெரிதுங் குறைவதில்லை என்பதைத் தம் கையாலேயே கண்டனர். இலைசுருட்டிப் புழுவைக் கண்டவுடன் தெளிகருவியை எடுக்கும் பதற்றம் அதனால் நீங்கிற்று.

1999 இல் அத்திட்டம் முடிவுறும்போது பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட உழவர் அங்கு பயிற்சி பெற்றிருந்தனர். தடைக்குப் பின் நாட்டில் கிருமிநாசினிப் பயன்பாடு பெரிதும் வீழ்ந்தது. நெல் உற்பத்தி வீழவில்லை. வயலின் முதல் வாரங்களில் தெளியாது விடுவதன் சிறப்பையும் யாவாவில் நிகழ்ந்த ஆய்வுகளே விளக்கின. நீரிலுள்ள மட்கும் பொருளை உண்டு வாழும் கொசுவினச் சிறு பூச்சிகள் போகத் தொடக்கத்திற் பெருகுகின்றன. அவை பயிருக்குத் தீங்கு செய்வனவல்ல. சிலந்தி முதலியன அவற்றை உண்டே தொகையிற் பெருகித் தத்தி வருமுன் ஆயத்தமாகின்றன. முதலிற் தெளிப்பவர் தம் காவற்படையைப் பட்டினியிட்டுக் கொல்பவராவர்.

கல்வி பரவும் வழியும் தேயும் வழியும்

இதுவரை கூறியது இனிய பகுதி. கசப்பான பகுதியும் உண்டு. அதனை மறைத்தல் கமக்காரருக்கு நன்மை செய்யாது.

புதிய விதைநெல்லை ஒருவர் பெற்றால், அடுத்த போகத்தில் அயலவர் அதனைக் கேட்டு வாங்குவர். வயற்பள்ளியிற் கற்றதும் அவ்வாறே வரம்பு தாண்டிப் பரவுமெனப் பலர் எதிர்பார்த்தனர். அது நிகழவில்லை. இந்தோனேசியாவில் கெர்சன் பெடரும் துணைவரும் செய்து 2004 இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சி பெற்றவரிடமிருந்து அயலவருக்கு அறிவு பெரிதும் சென்றதற்குச் சான்றில்லை எனக் கூறிற்று. பயிற்சி பெற்றோரிடத்தும் எதிர்பார்த்த மாற்றத்தை அவ்வாய்வு காணவில்லை. தென்னிலங்கை நெற்செய்கையாளரிடையே செய்து 2005 இல் வெளிவந்த ஆய்வின் முடிவு சற்று வேறுபட்டது. வயற்பள்ளியிற் கற்றவர் கிருமிநாசினியைக் குறைத்தனர் என்பதை அது கண்டது. அவர்தம் அயலவரோ பழையபடியே தெளித்தனர். விதையைக் கையிற் கொடுக்கலாம். ஒரு போகம் முழுவதும் குனிந்து எண்ணிப் பெற்ற அறிவைத் தேநீர்க்கடைப் பேச்சிற் கொடுத்துவிட முடியாது.

எனினும் அறிவின் ஒரு சிறு பகுதியை எளிய விதியாக்கிப் பரப்புதல் இயலும். வியட்நாமின் மேக்கோங் ஆற்றுப் படுகையில் 1994 இல் நடந்தது இதற்குச் சான்று. விதைத்த முதல் 40 நாட்களுக்கு இலையுண்ணும் புழுக்களுக்கெனத் தெளிக்கவேண்டாம் என்ற ஒரே செய்தியை வானொலி நாடகங்களாலும் துண்டுப்பிரசுரங்களாலும் பரப்பினர். ‘சோதித்துப் பாருங்கள்’ என்றே உழவரிடம் கூறினர், நம்புமாறு வற்புறுத்தவில்லை. உழவர் தம் வயலில் ஒரு துண்டைத் தெளியாது விட்டுப் பார்த்தனர். ஒரு போகத்திற் தெளிக்கும் தடவைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

மனித மூலதனம் ஒருமுறை இட்டால் என்றும் நிலைப்பதன்று. வரம்பு ஆண்டுதோறும் மண்ணிட்டுக் கட்டாவிடிற் கரைவது போல அதுவும் கரையும். இந்தோனேசியாவில் பயிற்சித் திட்டம் முடிந்தபின் நூற்றுக்கணக்கான வணிகப் பெயர்களில் மலிவான கிருமிநாசினிகள் சந்தைக்கு வந்தன. கற்பிப்போர் குறைந்தனர், விற்போர் பெருகினர். 2009 முதல் 2011 வரையான ஆண்டுகளில் யாவாவில் தத்தி மீண்டும் பெருஞ்சேதம் விளைத்தது.

எதிர்த்திசையில் நடந்த தவறொன்று இலங்கையருக்கு நன்கு தெரிந்ததே. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை, பீடைநாசினி ஆகியவற்றின் இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. 2021/22 பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. இந்தோனேசியாவின் 1986 ஆம் ஆண்டுத் தடை குறிப்பிட்ட நஞ்சுகளை மட்டும் நீக்கியது, பசளையைத் தொடவில்லை, மானியத்தை ஈராண்டிற் படிப்படியாகக் குறைத்தது, கற்பித்தலையும் தொடர்ந்து நடத்தியது. ஒரு பொருளைக் கமக்காரரிடமிருந்து எடுக்குமுன் அதற்கீடான அறிவும் மாற்றுப்பொருளும் அவரிடம் இருத்தல் வேண்டும். இல்லையேல் சூழல் பேணும் நோக்கமும் நிறைவேறாது, விளைவும் கெடும்.

இதற்கு மாறாக, கொடிய நஞ்சுகளைத் தெரிந்து விலக்குதல் நன்மையே பயந்துள்ளது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பின், பரத்தியன் 1984 இலும், மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியன 1995 இலும், எண்டோசல்பான் 1998 இலும் இலங்கையில் நிறுத்தப்பட்டன. நஞ்சினால் இறந்தோர் தொகை அதன்பின் வெகுவாகக் குறைந்தது. நெல் விளைச்சலோ இதனாற் குறையவில்லை. வீட்டு மூலையில் மீதியாக வைக்கப்படும் போத்தல் எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதைக் கிராமத்தவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மரக்கறிச் செய்கையாளர் இவ்விடயம் நெல்லுக்கு மட்டுமே உரியதெனக் கருதலாகாது. கோவாவைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி, உலகிற் பல நாடுகளில் கடைகளிற் கிடைக்கும் நஞ்சுகளுக்கெல்லாம் பழகிவிட்ட பூச்சி. வாரத்துக்கு இருமுறை தெளிக்கும் தோட்டத்திலேயே அது மிகுதி. அதன் புழுவில் முட்டையிட்டு அழிக்கும் சிறு குளவிகள் தெளிப்பினால் மடிவதே காரணம். நெல்லிற் தெளிப்பது அரிசியை அடையுமுன் நாட்கள் பல செல்லும். கோவாவிலும் கத்தரியிலும் தெளிப்பதோ சில நாட்களில் உண்பவர் வயிற்றை அடைகிறது. ஆதலால் தோட்டக்காரர் பொறுப்பு இன்னும் பெரிது.

வரும் போகத்திற் செய்யத்தக்கவை

விதைப்புக்கு முன்னரே தத்தியைத் தாங்கும் இனத்தைத் தெரிதல் நன்று. கேரளத்துப் பட்டாம்பியின் பி.ரி.பி. 33 என்னும் பழைய இனத்திலிருந்து இத்தன்மையைப் பெற்ற பி.ஜி. 379-2 பத்தலகொட ஆராய்ச்சி நிலையம் தந்த இனமாகும். எனினும் ஐ.ஆர். 26 க்கு நேர்ந்ததை மறவாது, எந்த இனத்தையும் முழுதாக நம்பிக் கண்ணை மூடியிருத்தல் கூடாது. விதைநெல்லை வேண்டிய அளவுக்கு மேல் விதைத்தல் தவறு. யூரியாவை ஒரே முறையில் இடாது, விதந்துரைத்த அளவைப் பல முறையாகப் பிரித்திடுதல் வேண்டும்.

நாற்பது நாள் வரை கிருமிநாசினி தெளித்தலைத் தவிர்த்தல் வேண்டும். முழு வயலையும் அவ்வாறு விட மனந் துணியாதவர், முதலில் ஒரு வரவையில் மட்டும் சோதித்து, அறுவடையில் இரு வரவைகளின் நெல்லையும் வேறு வேறாக நிறுத்துப் பார்க்கலாம். தெளிப்பதற்கான செலவையும் கூலியையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறை காலையில் வயலுக்குள் இறங்கி, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக நடந்து, இடையிடையே இருபது தூர்களை விரித்து அடித்தண்டைப் பார்த்தல் வேண்டும். தூரைச் சற்றுத் தட்டினால் தத்திகள் நீரில் விழும், எண்ணுவது எளிது. தத்தி, சிலந்தி, மூட்டுப்பூச்சி ஆகியவற்றைப் பள்ளிச் சிறுவரின் பழைய கொப்பியொன்றில் வெவ்வேறாகக் குறித்து வைத்தால், மூன்றாம் வாரத்திலேயே தொகை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது புலப்படும். தண்டொன்றுக்குச் சராசரி ஒரு தத்திக்குக் குறைவாகவும், பகைவர் நிறைவாகவும் இருப்பின் செய்யவேண்டியது ஏதுமில்லை. தொகை அதற்கு மேல் ஏறிப் பகைவரை விஞ்சினால், முதலில் நீரை வடித்து வயலைச் சில நாட்கள் உலரவிடுதல் வேண்டும். அதன் பின்னும் ஏறுமாயின், கடைக்காரரின் சொல்லைக் கேளாது, குறிப்புக் கொப்பியுடன் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு, தத்திக்கென விதந்துரைத்த நாசினியை மட்டும், தத்தி உள்ள பகுதியில் மட்டும், அடித்தண்டிற் படுமாறு தெளிக்கலாம்.

ஒருவர் தனித்துச் செய்வதிலும் ஒரே வாய்க்காலில் நீர் பெறும் கமக்காரர் ஒருங்கு செய்வது பெரும் பயன் தரும். ஒருவரது வயலிற் தெளித்த நஞ்சு கழிநீருடன் கீழுள்ளவர் வயலுக்குச் செல்கிறது. ஒருவரது வயலிற் பெருகிய தத்தி பறந்து அடுத்தவர் வயலில் இறங்குகிறது. கற்றவரிடமிருந்து அயலவருக்கு அறிவு தானாகச் செல்லாது என்பது மேலே காட்டப்பட்டமையால், இருபது இருபத்தைந்து பேர் சேர்ந்தே கற்றல் வேண்டும். தெளிப்பது பெரும்பாலும் வீட்டு இளைஞராதலாலும், களை பிடுங்கும்போது வயலை அருகிருந்து பார்ப்போர் பெண்களாதலாலும், அவர்களையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். இவ்வாறு கூடிய குழுவினர் கமக்காரர் அமைப்பின் மூலமாகத் தமது கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் போகக் கூட்டத்தின்போதே வயல் வகுப்பு வேண்டுமெனக் கேட்கலாம். விதைப்புக்குப் பின் கேட்பின், பார்க்கவேண்டிய முதல் வாரங்கள் கடந்துவிடும்.